எங்கள் வீட்டு வரையாடு

பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதை இப்போதே மடித்து வைத்துவிடலாம். என் வயதை ஒட்டியவர்கள்தானே படிக்கப் போகிறீர்கள், நமக்குள் என்ன ஒளிவு மறைவு? எனக்குப் பொறாமை உண்டு. சின்ன வயதில் வந்தது, இன்னும் போகவில்லை. சர்க்கரையும் மூட்டுவலியும் அதற்கெல்லாம் அப்புறம் வந்தவை.

யார் மேல் என்றால், என் பெரியத்தா மகள் மேல். அத்தா என்றால் அப்பா, அவருடைய அண்ணனை நாங்கள் பெரியத்தா என்போம். கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. அதை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் இருந்தோம். முற்றத்தின் நடுவே ஒரு குட்டைச் சுவர். கல்லைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கத்து அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுவரை தெரியும். அந்தச் சுவரை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டியிருந்தால் நான் நல்ல பெண்ணாக வளர்ந்திருப்பேன்.

அவள் எனக்குச் சில மாதங்கள்தான் மூத்தவள். ஆனாலும் அக்கா என்று கூப்பிட வேண்டும். அவளுக்குப் பெருநாளைக்கு இரண்டு உடுப்பு. பம்பாயிலிருந்து வந்த பூப்போட்ட குடை ஒன்று வைத்திருந்தாள், மழை பெய்தால்கூட அதை நனைய விடமாட்டாள். ஒரே அம்மியில் அரைத்த மருதாணியை இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம். அவள் கையில் ரத்தச் சிவப்பாகப் பிடிக்கும். என் கையில் தேங்காய் எண்ணெய் தடவினாலும் சுண்ணாம்பு தடவினாலும் வெளுத்த ஆரஞ்சோடு நின்றுவிடும். இதற்கெல்லாம் யாரைப் போய்க் கேட்பது?

எனக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அத்தாவுக்கும் அதே நோய்தான், அண்ணன் மேல். பெரியத்தாவுக்கு மிளகு, சுக்கு வியாபாரம். எங்களுக்குக் கருவாடு. தோட்டத்துக் கூலி ஜனங்களுக்காக மூணாறு பஜாருக்கு மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்புவார் அத்தா. இரண்டு பேரும் ஒன்றாகத் தெருவில் நடந்து வந்தால் யார் மேலே, யார் கீழே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இந்தப் போட்டி உச்சத்துக்குப் போவது ஹஜ்ஜுப் பெருநாளில். பலி கொடுக்கிற குர்பானி ஆட்டைப் பெருநாளுக்குச் சில நாள் முன்பே கொண்டுவந்து முற்றத்தில் கட்டுவார்கள். ஊர் வந்து பார்க்கும். பெரியத்தா வீட்டில் எப்போதும் வடக்கத்திக் கிடா நிற்கும், நீளக் காதும் வளைந்த மூக்கும், கழுத்தில் மணியுமாக. அக்கா அதற்குப் பாசிமாலை கோத்துப் போடுவாள். இந்தப் பக்கம் எங்கள் ஆடு ஒன்று நிற்கும். அதைப் பார்க்க வருகிறவர்கள், “இதுவும் நல்ல ஆடுதான்” என்பார்கள். அந்த ‘உம்’மை என்னால் தாங்க முடிந்ததில்லை.

நான் சொல்லும் வருஷம், அறுபதுகளின் தொடக்கம், பெருநாள் கோடை விடுமுறையில் வந்தது. அதற்கு முன்னால் மூணாறிலிருந்து ஒரு கடைக்காரர் எங்கள் கடைக்கு வந்தார். சாயா குடித்துக்கொண்டே பேசினார். மூணாறுக்கும் மேலே ஒரு புல்மலை இருக்கிறது, தோட்டத்துத் துரைமார் அதை வேட்டைக்காகக் காவல் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் வரையாடு என்று ஒரு ஜாதி ஆடு கூட்டம் கூட்டமாகத் திரிகிறது, உலகத்தில் வேறெங்கும் அப்படி இல்லை என்றார். இத்தனை விவரத்தில் அத்தாவின் காதில் விழுந்தது ஒன்றுதான். சொந்தக்காரன் இல்லாத ஆடு.

அன்று சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியத்தா கேட்டார், “இந்தத் தடவ எந்தூரு ஆடு பாத்திருக்க தம்பி?”

“வரையாடு,” என்றார் அத்தா. “மூணாறு மலைலேர்ந்து வருது. கொச்சியில ஒருத்தனும் கண்ணால கண்டிருக்க மாட்டான்.”

 பெரியத்தாவுக்குப் பின்னால் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்த மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பெருநாள் முடிகிறவரைக்குமாவது கையில் வைத்திருக்க வேண்டும், அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். எனக்கு அந்த ஒரு வேண்டுதல்தான் இருந்தது.

அத்தா மலைக்குக் கிளம்பும்போது என்னையும் கூட்டிப் போனது பாசத்தால் அல்ல. அம்மா சண்டை போட்டாள். “பொட்டப் புள்ளய கருவாட்டு லாரியில ஏத்திக்கிட்டா போவீங்க? நல்லா இருக்குதே!”

“நான் போயி சொன்னா அண்ணன் நம்பாது. கொழந்த சொன்னா நம்பும். சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்ல,” என்றார் அத்தா.

அப்படி நான் சாட்சியாகப் போனேன். அம்மாவின் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, லாரியில் அத்தாவுக்கும் டிரைவர் சேட்டனுக்கும் நடுவே உட்கார்ந்தேன். என் காலடியில் ஒரு கட்டு பலா இலை. ஆட்டை மயக்குவதற்கு அத்தா மட்டாஞ்சேரியிலிருந்தே எடுத்து வந்தது. பலா இலையைக் கண்டு வராத ஆட்டை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் காற்று மாறியது.  பின்னாலிருந்து நெத்திலியும் சுறாவும் வாடை வீசிக்கொண்டே வந்தன.

மலை என்றால் காடு என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் காலை மூணாறில் அந்தக் கடைக்காரர் யாரையோ பிடித்து அனுமதி வாங்கி, காவலுக்கு இருந்த மலைவாசி முதுவர் ஒருவருடன் எங்களை மேலே அனுப்பினார். தேயிலை முடிந்ததும் மரமே இல்லை. புல். முழங்கால் வரை புல், கண் போகிற தூரம் வரை புல். மலைச் சரிவுகள் சேர்கிற பள்ளங்களில் மட்டும் குட்டை மரங்கள் நெருக்கியடித்து இருட்டாக நின்றன. குளிர் காலத்தில் தீ வைத்த இடங்களில் கருப்புக்கு நடுவே இளம் புல் முளைத்திருந்தது, தொட்டால் ஈரம். காலடியிலிருந்து சின்னப் பறவைகள் கீச்சென்று எழும்பிக் கொஞ்ச தூரம் போய் மறுபடி புல்லுக்குள் விழும். மரங்களின் ஓரத்தில் மிளா மான் ஒன்று காதை விரித்துக்கொண்டு நின்றது. அது கத்திய கத்தலில் நான் அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சத்தமே இல்லாத இடம் என்று ஒன்று இருக்க முடியும் என்பதை, மூட்டை தூக்கும் கூச்சலில் பிறந்து வளர்ந்த நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காவல்காரர் கையை நீட்டினார். முதலில் பாறைதான் தெரிந்தது. பிறகு பாறையிலிருந்து ஒரு துண்டு நடந்தது.

ஒரு கூட்டமே நின்றது. சாம்பலும் பழுப்புமாக, குட்டைக் கழுத்தும் பருத்த உடம்புமாக. கொம்பு பின்னால் வளைந்து கழுத்தைத் தொடப் போனது. தாடி இல்லை. ஒதுங்கி நின்ற கிழக் கிடா ஒன்றின் முதுகு மட்டும் வெளுத்திருந்தது, யாரோ மாவைக் கொட்டிவிட்ட மாதிரி. அதற்குக் கீழே நேரே பாதாளம். அதன் விளிம்பில் குட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளி விளையாடின. எனக்குத்தான் உள்ளங்கால் கூசியது.

அத்தா பலா இலையை உயர்த்திப் பிடித்தார். “ப்பா... ப்பா... ப்பா...” என்று, கொச்சங்காடி முற்றத்தில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார். மற்ற கையில் கயிறு.

காவல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரித்திருப்பார். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அப்போது காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது. அத்தா குளித்துத்தான் வந்திருந்தார், ஆனால் கருவாடு என்பது குளித்துப் போகிற சமாச்சாரமா? கூட்டத்தில் ஒன்று விசிலடித்தது. அடுத்த நொடி எல்லாம் அந்தச் செங்குத்தில் இறங்கின, தண்ணீர் இறங்குகிற மாதிரி.

ஒரு தாய் ஆடு மட்டும் பின்தங்கியது. அதன் குட்டி இன்னும் வரவில்லை. அது நின்று என்னைப் பார்த்தது. அத்தாவை அல்ல, பலா இலையை அல்ல. என்னை. நான் பார்த்த கண்களெல்லாம் அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண்கள், என்னுடையதையும் சேர்த்து. அந்தக் கண்ணில் அது இல்லவே இல்லை. குட்டி வந்து சேர்ந்ததும் இரண்டும் இறங்கிப் போயின. மூடுபனி வந்து பாறையையும் எடுத்துக்கொண்டது. இது எனக்கு, எனக்கு மட்டும்தான், அக்காவுக்கு இது கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்தேன். அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

“ஒண்ணே ஒண்ணு புடிச்சுக் குடுங்க, என்ன வெலன்னாலும் சரி,” என்று அத்தா காவல்காரரிடம் கேட்டார்.

“குட்டியத் தொட்டாலே கேசு சாயிபு. தொர விடமாட்டாரு. நீங்க கேட்டதே எனக்குக் கேக்கலன்னு வெச்சுக்கறேன்.”

 இறங்கும் வழியெல்லாம் அண்ணனிடம் சொன்ன சொல் அத்தாவைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. அடிமாலியில் சந்தை நாள். லாரி நின்றது.

“ஏ புள்ள, அது என்ன நெறம்? நல்லா பாத்தியா?”

“சாம்பலும் பழுப்பும்த்தா.”

“கொம்பு?”

“பின்னால வளஞ்சிருந்துச்சு.”

ஒவ்வொரு ஆடாகப் பார்த்துக்கொண்டு போனோம். நான்தான் கையைக் காட்டினேன். வாட்டசாட்டமான, கொஞ்சம் கோபக்கார முகம் கொண்ட ஒரு நாட்டுக் கிடா. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சாயல் இருந்தது.

“ஆனா அதுக்குத் தாடி கெடையாதுத்தா,” என்றேன். சாட்சி உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

அத்தா கிடாவை ஒரு பார்பர் கடைக்கு இழுத்துப் போனார். “ஆட்டுக்குத் தாடி எடுக்கான் ஞான் படிச்சிட்டில்ல இக்கா!” என்று பார்பர் சேட்டன் கத்தினார். எப்படியோ சமாதானமாகி, சோப்பு நுரை போட்டு, டிரைவர் கொம்பைப் பிடித்துக்கொள்ள, வழித்து முடித்தார். கிடா நுரையையும் கொஞ்சம் தின்றது.

வீட்டு வாசலில் லாரி நின்றபோது கொச்சங்காடியே கூடிவிட்டது. “வரையாடு, வரையாடு” என்று ஒரே பேச்சு. பெரியத்தா வந்து கிடாவைச் சுற்றி நடந்து பார்த்தார். என்னிடம் குனிந்து, “நெசமாவே மலையில பாத்தியாம்மா?” என்றார்.

“பாத்தேன் பெரியத்தா. கூட்டமா நின்னுச்சு,” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே ஹஜ் மாதத்துப் பிறை தெரிந்தது, பத்தாம் நாள் பெருநாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பிறை பார்த்துவிட்டால் குர்பானி கொடுக்கிறவர் ஆட்டை அறுத்து முடிக்கும்வரை முடி வெட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. அத்தா கன்னத்தில் முள் முளைக்க ஆரம்பித்தது. கிடாவின் தாடையிலும் முளைக்க ஆரம்பித்தது.

“அது ஆட்டோட தாடி. உங்களுக்குத்தானே கூடாது? வழிச்சு விடுங்களேன்,” என்றாள் அம்மா.

“குர்பானி குடுக்குற வீடு. ஆட்டுக்கும் சேத்தியோ என்னமோ. சந்தேகம்னு வந்தா கத்திய எடுக்கக் கூடாது.”

“பள்ளிவாசல் அசரத்துகிட்ட கேளுங்க.”

“என்னான்னு கேக்க? வரையாட்டுக்குத் தாடி மொளைக்குதுன்னா?”

கத்தி எடுக்கவில்லை. தாடி வளர்ந்தது. ஒருநாள் பெரியத்தா சுவருக்கு மேலாக உற்றுப் பார்த்து, “ஆட்டுக்குத் தாடி வருதே தம்பி,” என்றார்.

“கடக்காத்து படுதுல்ல. மலையில அது கெடையாது,” என்றார் அத்தா, கண்ணை இமைக்காமல்.

பெரியத்தா கிடாவின் தாடையை இன்னொரு தடவை பார்த்தார். “அப்படியும் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனிதர் நம்பிவிட்டார் என்று நாங்கள் உள்ளே போய்ச் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வருஷா வருஷம் ஆடு வாங்கிப் பழகிய கண். தம்பியை நாலு பேர் முன்னால் குறைத்துவிடக் கூடாது என்று விட்டிருப்பார். அந்த மாதிரி குணத்தைப் புரிந்துகொள்ளும் நிலையில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

பெருநாளுக்கு முந்தைய நாள் மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் எங்கள் முற்றத்துக்கு வந்தார். எல்லோரும் பேசுகிற ஆட்டைப் பார்க்க அவருக்கும் ஆசை. தெருவில் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். ஹஜ்ரத் கிடாவின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

“இது காட்டுல திரிஞ்சதுதானே?”

“ஆமா அசரத்து. மலையில. நானே நேர்ல போயி...”

“அப்ப இது குர்பானிக்கு சேராதே! வீட்டுல வளக்குற ஜாதிதான் கூடும். காட்டு மிருகம் கூடாது. வெறுதே அறுத்துத் தின்னலாம், ஹலால்தான். குர்பானி ஆவாது.”

 அத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது அடிமாலிச் சந்தையில் வாங்கியது என்று. குர்பானி நிறைவேறிவிடும், மானம் போய்விடும். சொல்லாவிட்டால் மானம் நிற்கும், விடிந்தால் பெருநாள், அறுக்க ஆடு இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரில் கையூன்றி, வாயைத் திறந்தபடி எங்கள் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதீர்கள் அத்தா, சொல்லிவிடாதீர்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“சரி அசரத்து. இது கெடக்கட்டும். வேற ஒண்ணு பாத்துக்கறேன்,” என்றார் அத்தா.

“எங்கிட்ட இன்னொரு கிடா நிக்குது தம்பி, எடுத்துக்க,” என்றார் பெரியத்தா.

“வேணாம்ணே.” அந்த உதவி அத்தாவுக்கு அடியைவிட வலித்திருக்கும். அப்போதே படகேறி வைப்பின் தீவுக்குப் போனார். பெருநாள் சமயத்தில் எவன் வீட்டில் நல்ல ஆடு மிஞ்சியிருக்கும்? விலா எலும்பு தெரிகிற ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். அது ஊரே பார்க்க எங்கள் குர்பானியாயிற்று. பார்த்தவர்கள் “இதுவும் நல்ல ஆடுதான்” என்றுகூடச் சொல்லவில்லை.

அடிமாலிக் கிடா பிழைத்தது. பிழைத்ததோடு நில்லாமல் வருஷக்கணக்கில் எங்களோடு வாழ்ந்தது. தாடி நெஞ்சுவரை வளர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வரையாடு என்றால் இதுதான் என்று மட்டாஞ்சேரியில் ஒரு தலைமுறையே நம்பியது.

ஜெயித்தாயிற்று என்று நான் நினைத்தது சில நாள்தான். அந்தக் கிடாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. தினமும் சுவரைத் தாண்டி அக்காவிடம் ஓடியது. அவள் கையால் பழத்தோல் வாங்கித் தின்றது, அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தது. என்னைக் கண்டால் முட்ட வந்தது. சரி, அது போகட்டும், என்னிடம் அசல் இருக்கிறதே என்று ஒருநாள் அக்காவைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். புல்லைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன், அந்தத் தாய் ஆடு நின்றதைச் சொன்னேன்.

“அதோட மொகம் இருக்கே அக்கா, இந்த மாதிரி இல்ல, அது வந்து...”

“போடி, எனக்கே சொல்றியா? நீ ஒரு நாளு தூரத்துல பாத்தே. நான் தெனமும் தடவிக் குடுக்கறேன்,” என்றாள். கிடா அவள் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

 உண்மையைச் சொன்னால் அத்தா தலை குனிவார். சொல்லாவிட்டால் நான் பார்த்ததற்கு அர்த்தமே இல்லை. அவளிடம் இல்லாத ஒன்று வேண்டும் என்று கேட்டேன், கிடைத்தது. காட்டத்தான் முடியவில்லை. நான் அந்த மலைக்கு மறுபடி போகவே இல்லை. பெரியவளானேன், கல்யாணம், பிள்ளைகள், அப்புறம் முழங்கால். அந்த மலையை அரசாங்கம் எடுத்துக் சரணாலயமாக்கியதைப் பேப்பரில் படித்தேன். அத்தாவும் பெரியத்தாவும் அடுத்தடுத்த வருஷங்களில் போய்ச் சேர்ந்தார்கள்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். நான் சுள்ளிக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் ஆலுவாயில் மகனோடு. பேரப்பிள்ளைகள் அவளை மூணாறுக்குக் கூட்டிப் போனார்களாம். பாரஸ்ட்காரர்களின் பஸ்ஸில் அந்தப் புல்மலைக்கே ஏறி இறங்கியிருக்கிறாள்.

“வெறும் ஏமாத்துடி, கேட்டியா?” என்றாள். குரலில் நிஜமான துக்கம். “என்னமோ மொட்டத் தாடையும் குட்டக் கழுத்துமா ஒரு ஜாதிய நிறுத்தி வெச்சு, அதான் வரையாடுன்னு போர்டு எழுதியிருக்காங்க. நம்மகிட்டயா? நம்ம முத்தத்துல வளந்தது நமக்குத் தெரியாதா? அசலு ஒண்ணுகூட மிச்சமில்ல. எல்லாத்தையும் தின்னு தீத்துட்டாங்க போல. எனக்கு மனசே ஆறல.”

“எவ்வளவு கிட்ட நின்னுச்சுக்கா?”

“கிட்டன்னா என்ன, மேலயே வந்து விழுது! ஒண்ணு வந்து என் சீலையப் புடிச்சு மோந்துக்கிட்டே நின்னுச்சு. பேத்தி தொட்டுப் பாரு பாட்டிங்குறா. எதுக்குத் தொடணும்? போ அந்தாண்டன்னு வெரட்டி விட்டேன்.”

என் வயிறு எரிந்தது. எரியாமல் இருக்குமா? நான் ஒரே ஒரு தடவை பாறைக்கு அந்தப் பக்கம் பார்த்தது அவள் சீலையை மோந்திருக்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அத்தா இல்லை, இனி யார் மானம் போகப் போகிறது? அக்கா, நீ விரட்டியதுதான் அசல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லிவிட்டால் அதுவும் அவளுடையதாகிவிடும், என்னுடையதைவிடப் பெரிதாக, கைக்கெட்டிய தூரத்தில்.

“ஆமாக்கா,” என்றேன். “எல்லாம் அழிஞ்சுதான் போச்சு.”